உலோகப் பொருட்கள் தனியே

பேர்ண் நகரம், லெங்காசைத் தெரு, நிலவறை.
எனக்கு வேலை கடதாசியைக் கொல்வது.
முதலில் படமெடு,
பிறகு இயந்திரத்தின் வாயில் கொடு.
கிளிப், குண்டூசி, உலோகப் பொருட்கள் தனியே என்று
சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

இன்று நூற்றுப்பதினான்காம் கோப்பு.
துல்சின், சவேலி மார்க்கோவிச்.
கோட்பாட்டு இயற்பியல். முதலில் கார்கோவ், பிறகு மாஸ்கோ.

அடியில் கிடக்கிறது 1957 மே மாதத்துக் கடிதம்.
எங்கள் கோடைக் கருத்தரங்கில் தாங்கள் உரையாற்ற வேண்டும்,
பயணச் செலவு எங்களுடையது.
தட்டச்சு: எல்ஸ்பெத் ரீஃபெல்.
அவர் பொறியில் ஓர் எழுத்து மட்டும்
எப்போதும் வரிக்கு மேலே எம்பி நிற்கிறது.

அகாதமி பதில் போட்டது:
தோழர் துல்சினுக்கு ஈரல் நோய், வருந்துகிறோம்.
அடுத்த வருடம் பித்தப்பை.
அறுபதில் நுரையீரலில் நீர்.
அறுபத்துமூன்றில் மறுபடியும் ஈரல்.
யாரோ பழைய நகலைப் பார்க்க மறந்திருக்க வேண்டும்.

கோடைதோறும் சாகக் கிடந்த மனுசன்
இலை உதிரத் தொடங்கியதும் தவறாமல்
ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
இந்த மொழி எனக்குத் தெரியும்.
தங்கள் கூற்றை நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று
எனக்கும் இரண்டு தடவை எழுதினார்கள்,
இதே ஊரில், இதைவிட நல்ல கடதாசியில்.

கட்டுரைகளும் உள்ளே இருக்கின்றன.
சமன்பாடுகள் எனக்குக் கம்பிவேலி:
பார்க்கலாம், போக முடியாது.
முன்னுரையை மட்டும் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்.
ஹீலியத்தைக் குளிர்வித்துக் குளிர்வித்து
இனிக் குளிர இடமில்லை என்ற எல்லைக்கருகே கொண்டுபோனால்
திரவத்துக்கு உராய்வு விட்டுப்போகிறதாம்.
கிண்ணத்தில் வைத்தால் சும்மா இராது.
சுவரில் மெல்லிய தோலாக ஏறி
விளிம்பைக் கடந்து
வெளிப்பக்கம் வழிந்து
கிண்ணத்தைக் காலி செய்துவிடும்.
அந்தத் தோலின் தடிப்பு எவ்வளவு?
துல்சின் இருபத்தாறு வருடம் கணக்கிட்டது இதைத்தான்.
இரண்டாம் தசம இடத்தில் ஒரு திருத்தம்.
துறைக்குள் அவர் பெயர் அவ்வளவுதான்.

வெளியீட்டுப் பட்டியலில்
1938க்கும் 40க்கும் நடுவில் ஒன்றுமில்லை.
ரீஃபெல் அம்மா பக்கத்தில் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டுவைத்திருக்கிறார்.

விடை 1971இல் வந்தது.
கைக்கடிதம். வியன்னா முத்திரை.
யாரோ காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள்;
மடிப்பு அப்படி.
"பதினேழு மாதம் கடதாசி தரவில்லை.
தொகையீடுகளை மனதிலேயே போட்டேன்.
வெளியே வந்து எழுதிப் பார்த்தபோது
ஒரேயொரு குறி தவறியிருந்தது.
அம்மணி, எனக்கு ஒரு நோயும் இல்லை,
பல்வலி தவிர."

அதற்குப் பிறகும்
பதினேழு அழைப்பு, பதினேழு நோய்.

1989.
எண்பத்தொரு வயதில் அவரே பதில் எழுதுகிறார்: வருகிறேன்.
உரையின் தலைப்பு
ஐம்பத்தேழில் இவர்கள் கேட்ட அதே தலைப்பு.
வருகைத்தாளில் பத்தொன்பது கையெழுத்து.
கடைசியில் எல்ஸ்பெத் ரீஃபெல், ஓய்வு பெற்றவர்.
அவர்கள் என்ன பேசினார்கள் என்று கோப்பில் இல்லை.

இருப்பது செலவுக் கணக்கு.
பஸ் சீட்டு இரண்டு. பார்லி சூப் மூன்று.
குடை ஒன்று.
பல் வைத்தியர், இருநூற்றெண்பது பிராங்.
மீதி பதினொரு பிராங் நாற்பது,
நன்றியுடன் திருப்பித் தருகிறேன்.

அந்த மீதி இன்னும் உறைக்குள் கிடக்கிறது.
யாரும் காசாளரிடம் கட்டவில்லை.
ஐந்து நாணயங்கள்.
கிளிப் டப்பாவில் போட மனம் வரவில்லை,
சட்டைப்பையில் போடவும் ஏலாது.
கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன், சூடேறின.

பிறகு ஸ்கேனர் கண்ணாடியில் வரிசையாக அடுக்கி மூடினேன்.
கோப்பு 114, கடைசிப் பக்கம்:
ஐந்து கறுப்பு வட்டங்கள்.